பழைய சிலையைத் தேய்க்கும் முன்

பழைய வெண்கலச் சிலையை மதிப்பிடக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எடையைப் பற்றித்தான். எத்தனை கிலோ, தங்கம் கலந்திருக்கிறதா என்று கேட்பார்கள். உலோகத்துக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது உருக்கினால் கிடைக்கும் விலை. கலைப்பொருளாக அதற்குள்ள மதிப்பு, அது எதனால், எந்த முறையில் செய்யப்பட்டது என்று காட்டும் தடயங்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி மேற்பரப்பில்தான் தங்கியிருக்கிறது. கொண்டுவருவதற்கு முன்பே பளபளவென்று தேய்த்து அதை அழித்துவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

மெழுகு வார்ப்பையே எடுத்துக்கொள்வோம். மெழுகில் உருவத்தைச் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகைக் கையாலேயே வனைந்திருந்தால் அந்த அச்சில் பிறப்பது ஒரே ஒரு சிலை. மெழுகில் விழுந்த விரல் தடமும் கருவித் தடமும் உலோகத்தில் மென்மையாகப் பதிந்திருக்கும். வார்த்த பிறகு உளியால் வெட்டிய கோடுகளின் விளிம்போ கூர்மையாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு ஒரு சிற்பி எங்கே நிதானித்தார், எங்கே திருத்தினார் என்பதுகூடத் தெரியும்.

முடிந்த சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் இந்தக் கூர்மை மழுங்கிவிடும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால், நகல் அசலைவிட ஏறத்தாழ ஒன்றிரண்டு சதவீதம் சிறியதாகவும் இருக்கும். 50 செ.மீ. உயரச் சிலையில் அது 1 செ.மீ. வரை வரும், அசலின் அளவு தெரிந்திருந்தால் அளவுநாடாவே நகலைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள்: கம்பி பிரஷ்ஷால் தேய்த்த அசலிலும் கோடுகள் மழுங்கித்தான் போகின்றன. அசலை நாமே நகல் போல ஆக்கிவிடுகிறோம்.

உள்ளே குடைவான சிலைகளின் அடியில் கருகிய மண் ஒட்டியிருப்பதுண்டு. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடுவார்கள். அது வார்ப்பின்போது உள்ளே வைத்த களிமண் கரு. அந்த மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனையால் கணிக்கலாம். சுரண்டி எறிந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

முலாமிலும் இதே கதைதான். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். செய்தவர்களின் உடலையே அந்த ஆவி கெடுத்தது. 1840-இல் பிரிட்டனில் மின்முலாமுக்கு, அதாவது மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு, காப்புரிமை கிடைத்த பிறகு பழைய முறை படிப்படியாக மறைந்தது. தேய்ந்துபோன பழைய முலாமின் மேல் புதிதாக மின்முலாம் பூசினால் பொருள் மின்னும், ஆனால் அதன் காலத்தைச் சொல்லும் அடையாளம் மூடப்பட்டுவிடும்.

ஓவியத்தில் நிறமியே சாட்சி சொல்லும். லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்த நீலத்துக்கும், 1820-களின் கடைசியில் செயற்கையாக வந்த அதே நீலத்துக்கும் வேதியியலில் பெரிய வேறுபாடு இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், கல்லிலிருந்து வந்த துகள்கள் கோணல்மாணலாகவும் செயற்கைத் துகள்கள் சிறிதாக, ஒரே சீராகவும் தெரியும். 2006-இல் 28.8 லட்சம் யூரோவுக்கு விற்ற ஓர் ஓவியம், ஜெர்மன் ஓவியர் ஹைன்ரிக் காம்பெண்டாங்க் 1914-இல் வரைந்தது என்று நம்பப்பட்டது. ஆய்வில் டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி இருப்பது தெரிந்தது. 1914-இல் ஓவியர்களுக்கு அந்த வெள்ளை கிடைக்கவில்லை. போலியை வரைந்த வொல்ஃப்கேங் பெல்ட்ராக்கிக்கு 2011-இல் ஜெர்மன் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

சரி, உங்களிடம் ஒரு பழைய பொருள் இருந்தால் என்ன செய்யலாம்? மெல்லிய, உலர்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். பூச்சோ வண்ணமோ உரிந்து நின்றால் அதுவும் வேண்டாம். அமிலம், உலோக பாலிஷ் எதுவும் கூடாது. வெண்கலத்தில் வழவழப்பாக, கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சையோ பழுப்போ அதற்குக் கவசம், விட்டுவிடுங்கள். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது என்று பொருள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் தனியே வைத்து, கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். எடுத்துப்போகும்முன் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.