பழைய ட்ரோனை விற்பதற்கு முன் ஒருமுறை தராசில் வையுங்கள்

போன மாதம் நம் ரீயூனியன் தீவின் செயின்ட் ஆந்த்ரேவில் இருக்கும் ஒரு அண்ணன் தன் ஃபேன்டம் 4 ட்ரோனைத் துண்டில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்தார். மகன் ஆசையாக வாங்கிய பொருள். மகன் வேலைக்காக பிரான்சுக்குப் போய்விட்டான், ட்ரோன் அப்பாவிடம் தங்கிவிட்டது. கடையில் விசாரித்தபோது, "இது இனிமே செல்லாது, இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்றார்களாம். ஓர் அலுவலகத்தில் மேரிக்கு, அதாவது நகராட்சிக்கு, போகச் சொன்னார்கள். மேரியில் அது தங்கள் வேலை இல்லை என்று இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். அந்த இன்னோர் இடத்தில், "எல்லாம் இணையத்தில் இருக்கிறது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று அரைநாள் விடுப்பு போனதுதான் மிச்சம். இத்தனை பேரில் ஒருவர்கூட, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: ட்ரோனின் எடை என்ன?

அடுப்படியில் மாவு நிறுக்கும் தராசில் வைத்தோம். 1,380 கிராமை ஒட்டி நின்றது. அந்த எண் கிடைத்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ரீயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரோன் விதிகள் இங்கே அப்படியே பொருந்தும். அவை 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழைய ட்ரோன்களுக்கு 2023 கடைசி வரை சலுகைக் காலம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. இப்போது ட்ரோனில் சி0, சி1, சி2 என்று வகுப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முத்திரை இல்லாதது 'பழையது'. பழையது என்றால் சட்டவிரோதம் அல்ல, பறக்கலாம். எங்கே பறக்கலாம் என்பதுதான் மாறியிருக்கிறது.

முத்திரையைத் தேடும்போதே பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ட்ரோனின் அடியில் 'சிஇ' என்று இரண்டு எழுத்து இருக்கும். அது மிக்ஸியிலும் செல்பேசி சார்ஜரிலும் இருக்கிற அதே குறி, வகுப்பு முத்திரை அல்ல. வகுப்பு முத்திரையில் 'சி' எழுத்தோடு ஓர் எண் இருக்கும். இன்னொரு விஷயம், நீங்கள் வாங்கிய தேதி இங்கே கணக்கில்லை. முத்திரை இல்லாத அந்த ட்ரோன் 2024-க்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தால், கடையில் தூசி தட்டி உங்களுக்கு நேற்று விற்றிருந்தாலும் அது பழையதுதான். "பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு" என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

250 கிராமுக்குக் கீழே என்றால் நிம்மதியாக இருக்கலாம். மாவிக் மினி, மினி 2 வைத்திருப்பவர்கள் முத்திரை இல்லாமலேயே ஏ1 என்ற எளிய பிரிவில் பறக்கலாம். தேர்வு கிடையாது. இவர்களிடம் போய்ப் புதிது வாங்கச் சொல்கிறவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். ஆனால் இங்கேயும் இரண்டு குழிகள் உண்டு. மாவிக் மினியின் எடை 249 கிராம். அதில் இறக்கைக் காப்பு மாட்டினாலே 250-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் வேறு பிரிவு. அடுத்தது, "குட்டி ட்ரோனுக்குப் பதிவே வேண்டாம்" என்ற பேச்சு. பொம்மை என்று விற்கப்பட்டதைத் தவிர, கேமரா இருக்கிற ட்ரோன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். தேர்வு வேண்டாம், பதிவு வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

250 கிராமுக்கு மேல் என்றால் நிலைமை வேறு. ஸ்பார்க் 300 கிராம், மாவிக் ஏர் 2 570 கிராம், மாவிக் 2 ப்ரோ 907 கிராம். முத்திரை இல்லாத இவை எல்லாமே 2024 முதல் ஏ3 பிரிவுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. ஏ3 என்றால் வீடுகள், கடைகள், தொழிற்சாலைகள், பொழுதுபோக்கு இடங்கள் எல்லாவற்றிலிருந்தும் 150 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சம்பந்தமில்லாத ஆள் ஒருவர்கூட அந்த இடத்தில் இருக்கக் கூடாது. "என் வீட்டு முற்றத்தில், என் கூரைக்கு மேல் பறக்க விட்டால் யார் கேட்பது?" என்று அண்ணன் கேட்டார். சுற்றிலும் வீடு இருக்கிறதே! 150 மீட்டர் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. சொந்த முற்றத்திலும் பறக்கவிட முடியாது.

காகிதத்தில் இது சுலபமாகத் தெரியும். நம் தீவில் போய் நின்று பார்த்தால்தான் கஷ்டம் புரியும். கரையோரம் முழுக்க ஊர்கள். வடக்கே ரோலான் காரோஸ் விமான நிலையம், தெற்கே பியர்ஃபோன். நடுவே மலை, அதில் தீவின் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் 2007-இல் உருவான தேசியப் பூங்காவின் மையப் பகுதி, அதற்குத் தனி விதிகள். மிச்சம் இருப்பது பெரும்பாலும் கரும்புக்காடுதான், அதற்கும் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஜியோபோர்த்தாய் என்ற அரசு வரைபடத்தில் ட்ரோன் தடைப் பகுதிகளுக்கென்று ஓர் அடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் அதைத் திறந்து பாருங்கள். சிவப்பு என்றால் தொடாதீர்கள், மற்ற நிறங்களில் உயர வரம்பு எழுதியிருக்கும். தற்காலிகத் தடைகள் அதில் வராது, அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டமோ.

மலைப்பக்கம் பறப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயர வரம்பு 120 மீட்டர், ஆனால் திரையில் தெரிகிற உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. சட்டமோ ட்ரோனுக்கு மிக அருகில் இருக்கும் நிலத்திலிருந்து கணக்கிடுகிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று ட்ரோனை நேராக வெளியே ஓட்டினால் திரையில் 20 மீட்டர் என்றே காட்டும். கீழே நிலம் முந்நூறு மீட்டர் இறங்கியிருக்கும், பாறைச் சுவரும் 120 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். அப்போதே நீங்கள் வரம்பை மீறியாகிவிட்டது.

எனக்கு அதிகமாகக் கோபம் வருவது, ஆட்களுக்குக் கொஞ்சம் அருகே பறக்க விடுகிற ஏ2 பிரிவு விஷயத்தில்தான். சலுகைக் காலத்தில் ஏ2 தேர்வு எழுதியவர்கள், 2 கிலோ வரையுள்ள பழைய ட்ரோனை ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளிப் பறக்கவிட முடிந்தது. அதை நம்பிப் படித்துத் தேறியவர்களை எனக்குத் தெரியும். 2024 பிறந்ததும், ஏ2 சி2 முத்திரை உள்ள ட்ரோனுக்கு மட்டும் என்றாகிவிட்டது. சான்றிதழ் செல்லும், ட்ரோன் செல்லாது. சமையல் பழகி முடித்த பிறகு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போன கதை. இன்றும் பழைய ட்ரோன்காரர்களிடம் ஏ2 படிக்கச் சொல்லி விளம்பரம் வருகிறது. புதிய சி2 ட்ரோன் வாங்கப் போவதில்லை என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

பழையதற்கு முத்திரை வாங்க முடியாதா என்று கேட்பார்கள். தயாரித்த நிறுவனம் மட்டுமே கொடுக்க முடியும், அதுவும் அந்த மாடலுக்கு அவர்கள் அங்கீகாரம் வாங்கியிருந்தால்தான். மாவிக் 3-க்கு அப்படிப் பின்னால் சி1 கிடைத்தது. உங்கள் மாடலுக்கு உண்டா என்று நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். இணையத்தில் விற்கிற ஸ்டிக்கரை வாங்கி நீங்களாக ஒட்டினால் அது முத்திரை ஆகாது, தனி வம்பு.

800 கிராம் பிரான்சின் சொந்தக் கோடு. அதைத் தொட்டால் அந்த ட்ரோனையே ஆல்ஃபாடாங்கோ என்ற அரசின் ட்ரோன் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும், அது தன் அடையாளத்தை ரேடியோவில் அறிவிக்கவும் வேண்டும். சில பழைய மாடல்களில் மென்பொருளே அதைச் செய்யும், இல்லாதவற்றுக்குச் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும். அண்ணனின் ஃபேன்டம் இந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. பெட்டியின் விலையை விசாரித்த பிறகு வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யுங்கள். பிரான்சிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும், தீவுக்குள் வரும் பொருளுக்குப் போடுகிற ஒக்த்ருவா வரியும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பதிவில் இரண்டு எண்கள் வரும், இங்கேதான் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். எஃப்ஆர்ஏ என்று தொடங்குவது ஆளுக்கான எண். அது ஒருவருக்கு ஒன்றுதான், எல்லா ட்ரோனிலும் அதையே ஒட்டுவீர்கள். யூஏஎஸ்-எஃப்ஆர் என்று தொடங்குவது 800 கிராமைத் தொட்ட ட்ரோனுக்கான எண். ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றும் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் எண்ணின் கடைசியில் கோடு போட்டு மூன்று எழுத்துகள் வரும். அவை உங்கள் ரகசியம், ட்ரோனில் ஒட்டக் கூடாது.

250 கிராமுக்கு மேல் பறப்பவர்களுக்கு ஏ1, ஏ3 பயிற்சியும் தேர்வும் கட்டாயம். இணையத்தில் 40 கேள்விகள், 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, செல்லுபடி 5 ஆண்டு. பதிவும் தேர்வும் இலவசம். யாராவது கட்டணம் கேட்டால் நீங்கள் அரசுத் தளத்தில் இல்லை, உடனே வெளியே வாருங்கள். 2018-இல் வாங்கிய சான்றிதழைப் பத்திரமாக உறையில் போட்டு வைத்திருந்த ஒருவரைப் பார்த்தேன். பாவம், அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது.

கோயில் விஷயம் எல்லோரும் கேட்பது. காவடிக்கும் தீமிதிக்கும் மேலிருந்து ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கோயில்காரர்கள் பிரியமாகக் கேட்பார்கள். மறுக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் மறுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு மேல் பறப்பது 249 கிராம் ட்ரோனுக்கும் தடை, முத்திரை உள்ள புதிய ட்ரோனுக்கும் தடை. ஊருக்குள் பொது இடத்துக்கு மேல் பொழுதுபோக்காகப் பறப்பதும், இரவில் பறப்பதும் பிரான்சில் கூடாது. கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிப்பவர்கள் தொழிலுக்காகப் பறக்க அரசிடம் கொடுத்திருந்த பழைய எஸ்1, எஸ்3 அறிவிப்புகள் 2025 டிசம்பர் 31-உடன் காலாவதி. "போன வருஷம் வரைக்கும் இதே காகிதத்தில்தான் பறந்தேன்" என்று சொன்னால் இனி ஏற்க மாட்டார்கள்.

தடைப் பகுதிக்கு மேல் கவனக்குறைவாகப் பறந்தாலே 6 மாதச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகலாம். தெரிந்தே செய்தால் ஓராண்டு, 45,000 யூரோ. வீட்டுக் காப்பீட்டில் ட்ரோன் அடங்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நிறைய ஒப்பந்தங்களில் அது விலக்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன "ஆமாம்" பின்னால் உதவாது.

விற்பதாக முடிவு செய்தால், கைமாற்றிய அன்றே ஆல்ஃபாடாங்கோ கணக்கில் அதைத் தெரிவித்துவிடுங்கள், உங்கள் எண் ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். வாங்கியவர் எங்கேயாவது விட்டு மாட்டினால் முதல் விசாரணை உங்களிடம்தான் வரும்.

அண்ணன் விற்கவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து தேர்வு எழுதினார், பெட்டியும் வாங்கினார். பிரா பானோன் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் கரும்பு வெட்டிய நிலம், வரைபடத்தில் பார்த்து, வீடுகளிலிருந்து தூரம் அளந்து வைத்திருக்கிறார். பதிவுச் சான்று, தேர்வுச் சான்று, காப்பீட்டுக் கடிதம் மூன்றையும் செல்பேசியில் இறக்கி வைக்கச் சொன்னேன். முதல் நாளே ஜாந்தார்ம் (காவல்துறை) வண்டி நின்று காகிதம் கேட்டார்களாம். அந்தக் காட்டில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.