கண்ணிவெடிக் கடலுக்குக் கப்பலேறும் பிள்ளைகளுக்கு

நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அங்கிருந்து கேரளம். எல்லையின் இருபுறமும் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் இப்போது வள்ளத்தை விட்டு வணிகக் கப்பலுக்குப் போகிறார்கள். சென்ற வாரம் பொழியூரிலிருந்து ஒரு பையன் தன் தாயுடன் வந்தான். முதல் கப்பல், கருங்கடல் துறைமுகம். "அந்தக் கடலில் வெடி மிதக்கிறது என்கிறார்களே அண்ணே, உண்மையா?" என்று கேட்டார் அந்தத் தாய். உண்மைதான் என்றேன். பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. 1917 பிப்ரவரியில் ஜெர்மனியின் வுல்ஃப் என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளைப் போட்டுச் சென்றது. அதே மாதத்தில் வொர்செஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் அங்கே மூழ்கின.

பழைய வகைக் கண்ணி, அடியில் கிடக்கும் ஒரு பாரத்தோடு கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதன் கொம்புக்குள் கண்ணாடிக் குப்பியில் அமிலம் இருக்கும். கப்பல் உரசிக் கொம்பு வளைந்தால் குப்பி உடையும், மின்சாரம் பாயும், வெடிக்கும். வேறு சில வகைகள் தரையிலேயே கிடந்து கப்பலின் காந்தத்தையும் ஓசையையும் உணர்ந்து வெடிக்கும். அவற்றில் சிலவற்றை, முதலில் வரும் கப்பல்களை எண்ணி விட்டுவிட்டு, குறித்த எண்ணிக்கையில் வருவதைத் தாக்கும்படி அமைக்கலாம். ஆகவே "முன்னால் போன கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கப்பலில் யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். 1946 அக்டோபரில் அல்பேனியாவை ஒட்டிய கோர்ஃபு நீரிணையில் வெடித்த இரண்டு கண்ணிகளால் பிரிட்டிஷ் கடற்படையினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது ஏற்கெனவே கண்ணி அகற்றிய தடம் என்று அறிவிக்கப்பட்ட வழி.

போர் நடந்துகொண்டிருந்த 2022 அக்டோபரில், மக்காச்சோளம் ஏற்ற உக்ரைனின் கருங்கடல் துறைமுகமான சோர்னோமோர்ஸ்க் சென்ற கப்பலில் நான் கேப்டன். துறைமுகத்தை நெருங்கியதும் உள்ளூர்ப் படகு ஒன்று முன்னே செல்ல, துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் எங்கள் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நின்றார். அங்கே சுக்கான் பிடித்த பையனின் கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது. அவன் துடைக்கவே இல்லை. பைலட் சொன்ன டிகிரியைத் திரும்பச் சொல்வது, பிடிப்பது, மறுபடி சொல்வது. கப்பலைக் காப்பாற்றியது அந்தச் சலிக்காத வேலைதான்.

குறுக்கே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்தால் கப்பல் நேராகப் போகாது, மூக்கைத் திருப்பிச் சாய்ந்துதான் போகும். 200 மீட்டர் நீளக் கப்பல் 5 டிகிரி சாய்ந்தால், தன் அகலத்துக்கு மேல் ஏறக்குறைய 17 மீட்டர் இடத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். குறுகிய தடத்தில் அந்த 17 மீட்டர் எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. வேகத்தைக் கூட்டினால் சாய்வு குறையும். ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் கப்பல் இன்னும் கீழே அமுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பைலட் தேர்ந்தெடுப்பார். அதில் நாம் கைவைக்கக் கூடாது.

போர்க்காலத்தில் ஜிபிஎஸ் பொய் சொல்லும். திரையில் கப்பல் தரைமேல் ஓடுவதாகக்கூடக் காட்டும். அப்போது கரையில் உள்ள இரண்டு குறிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு அருகிலுள்ள முன்குறி, பின்குறிக்கு இடப்பக்கம் விலகினால், கப்பல் தடத்துக்கு வலப்பக்கம் போய்விட்டது என்று பொருள். நம் தாத்தாக்கள் கணியம் பார்த்தது இதே முறையில்தான். கோயில் கோபுரத்தையும் மலையையும் சேர்த்துப் பார்த்து மீன் கூடும் கடலடிப் பாரைக் கண்டுபிடித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது புதிதல்ல. ஊரில் இருக்கும் பெரியவர்களோடு இரண்டு முறை கடலுக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டு கப்பலேறுங்கள்.

அன்று முன்னால் கண்காணித்த பையன் கறுப்பாக ஏதோ மிதப்பதாகக் கத்தினான். அருகில் வந்தபோது பாசி படிந்த வலை மிதவை. யாரும் சிரிக்கவில்லை, நான் அவன் தோளைத் தட்டினேன். கம்பி அறுந்த கண்ணி தானாகவே செயலிழக்க வேண்டும் என்று 1907 ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் கடலில் மிதப்பதைப் பார்த்து அது செயலிழந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தொடாதீர்கள், கழியால் தள்ளாதீர்கள், தண்ணீர் பீய்ச்சி விரட்டாதீர்கள். திசை, தூரம், நேரம் மூன்றையும் உடனே பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள். வேலை இல்லாதவர்கள் கப்பலின் முன்பகுதியில் நிற்கக் கூடாது. உயிர்காப்பு அங்கி எப்போதும் உடலில் இருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாலுமிச் சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் செய்துகொண்ட சர்வதேசக் கூட்டு ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், போர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குப் போக மறுக்க மாலுமிக்கு உரிமை உண்டு. திருப்பி அனுப்பும் செலவு கம்பெனியுடையது. போகச் சம்மதித்தால் கூடுதல் படியும், இறப்புக்கும் ஊனத்துக்கும் இரட்டிப்பு இழப்பீடும் உண்டு. ஒப்பந்தம் இல்லாத கப்பல்களில் இவை எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும். ஆள் எடுக்கும் ஏஜென்டின் உரிம எண்ணைக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

அந்தப் பையனின் தாளில் துறைமுகத்தின் பெயர் இருந்தது, போர்ப்பகுதி பற்றி ஒரு வரியும் இல்லை. ஏஜென்டிடம் எழுதிக் கேட்கச் சொன்னேன். நான்கு நாள் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை. பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதே மக்கா என்று நேற்றும் போனில் சொன்னேன்.