சூடோமோனாஸ் ஏன் ‘கேக்கல’?

“சார், சூடோமோனாஸும் அடிச்சுப் பாத்தாச்சு, கேக்கல.”

போன பிசான நெல் பருவத்தில் சேரன்மகாதேவி பக்கம் ஒரு அண்ணாச்சி சொன்னார். வயலில் குலைநோய், பூஞ்சையால் வருவது. இலையெல்லாம் கண் வடிவப் புள்ளி, ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். எப்படி அடித்தீர்கள் என்று கேட்டேன். ஆள்கூலி மிச்சமாகட்டும் என்று காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்து ஒரே டேங்கில் கலக்கியிருக்கிறார். காப்பர் பாக்டீரியாவைக் கொல்லும்; சூடோமோனாஸும் ஒரு பாக்டீரியாதான். கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றினால் தயிர் தோயுமா?

அவர்மேல் தப்பே இல்லை. சூடோமோனாஸ் என்று விற்கிற அந்த வெள்ளைப் பவுடரில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணிலுள்ள இரும்புச் சத்தை நோய்ப் பூஞ்சைக்குக் கிடைக்காமல் இது பிடித்துக்கொள்ளும். பூஞ்சையை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கும். பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதனால்தான் விதையிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பவுடர், ஒரு லிட்டர் தண்ணீர். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதையுங்கள்.

அப்புறம் நாற்று நனைப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. நடவு வயலின் மூலையில் பத்து சதுர மீட்டருக்குச் சின்ன வரப்பு போட்டு, ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ கணக்கில் பவுடரைத் தூவிக் கலக்கினால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். நாற்று முடிகளை (கட்டுகளை) வேர் முங்க அரைமணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு நடுங்கள். நட்டு 30 நாளில் இன்னொரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வயலில் போட்டால் சரி.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். ஒரு கடையில் தகரக் கூரைக்குக் கீழே, மேல்தட்டில் அடுக்கியிருந்தார்கள். தொட்டால் சுட்டது. தேதி இருந்தும் என்ன பயன்? வீட்டிலும் வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். யூரியா மூட்டைமேல் வேண்டாம்.

யூரியா என்றதும் ஞாபகம் வருகிறது. மார்கழிப் பனியில் பயிர் கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் குலைநோய்க்கு நாமே பாய் விரித்த மாதிரி. வயல் முழுக்க நோய் பரவிய பிறகு சூடோமோனாஸை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். நோய் கண்ட இலை நாலைந்தைப் பறித்துக்கொண்டு அன்றைக்கே வேளாண்மை அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்.