கை, தோள் நரம்புப் புற்றுநோய்: நோயறிதல் அட்டையில் என்ன எழுதப்படுகிறது?

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஒருவருடைய கையிலோ தோளிலோ கட்டியொன்று தட்டுப்பட்டால், வீட்டிலும் சரி, வெளிநோயாளர் பிரிவிலும் சரி, முதலில் எழும் கேள்வி அது செல் (எறிகணை) துண்டாக இருக்குமோ என்பதுதான். 2009இல் முடிந்த போரின் உலோகத் துண்டுகளை உடலில் வைத்துக்கொண்டே வயலுக்கும் கடலுக்கும் போய்வருகிறவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்றும் இருப்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. எக்ஸ்ரேயில் துண்டு தெரிந்து, கட்டியும் அதுவேயென்று உறுதியானால், வைத்தியசாலைப் பதிவில் மென்திசுவில் எஞ்சிய அந்நியப் பொருளுக்குரிய எம் 79.5 என்ற குறியீடும், போர் நடவடிக்கையின் பின்விளைவைக் காட்டும் வை 89.1 என்ற குறியீடும் இடப்படும். ஆனால் துண்டு ஓரிடத்திலும் கட்டி வேறோர் இடத்திலும் இருக்கலாம். சில மாதங்களுக்குள் கட்டி பெருத்து, இரவில் நித்திரையைக் கெடுக்கும் வலியும், விரல் மரத்துப் பிடி தளர்வதும் சேர்ந்துகொண்டால், உடலில் துண்டு இருக்கிறது என்ற காரணத்தை வைத்து விசாரணையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது.

நான் வன்னியிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். நோயாளி வீடு திரும்பியபின் அவருடைய பி.எச்.ரி. (கட்டில் தலைமாட்டு அட்டை) எங்கள் மேசைக்கு வருகிறது. அதில் வைத்தியர் எழுதிய இறுதி நோயறிதலை, நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பத்தாவது திருத்தமான ஐ.சி.டி.-10இன்படி குறியீடாக்கி, காலாண்டுக்கு ஒருமுறை சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு அனுப்புகிறோம். நோயை நாங்கள் தீர்மானிப்பதில்லை. எழுதப்படாத ஒன்றைக் குறியீடாக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே அட்டையில் அவசரமாக எழுதப்படும் இரண்டு மூன்று சொற்களே அந்த நோயாளி நாட்டின் கணக்கில் எந்த நோயாளியாக நிற்பார் என்பதை முடிவு செய்கின்றன.

மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் வெளியே ஓடும் புற நரம்புகளிலும், உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்திலும் தோன்றும் புற்றுநோய்களுக்குரிய பிரிவு சி 47. அதற்குள் தோள் உட்பட மேல் அவயவத்துக்கு உரியது சி 47.1. அதே கையின் தசை, கொழுப்பு, இணைப்புத் திசு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் சி 49.1க்குப் போகிறது. நரம்பு உறையில் எழுந்த சார்கோமாவை (மென்திசு போன்றவற்றில் தோன்றும் புற்றுநோய்) வெறுமனே ‘கையின் சார்கோமா’ என்று எழுதினால் எங்களால் சி 49.1 தவிர வேறொன்றும் போட முடியாது. வெறும் ‘கட்டி, கை’ என்று மட்டும் இருந்தால் அது புற்றுநோய் அத்தியாயத்துக்கே வராமல், அறிகுறிகளுக்கான அத்தியாயத்தில் ஆர் 22.3 ஆக முடிந்துவிடும். ஏற்கெனவே அரிதாகக் காணப்படும் ஒரு நோய் இப்படி மூன்று இடங்களில் சிதறிப்போனால், அது வன்னியில் இருக்கிறதா என்று பின்னர் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது.

இடத்தை எழுதுவதில் அக்குள்தான் மிகவும் சிக்கலானது. கழுத்தின் ஐந்தாம் நரம்பு வேரிலிருந்து மார்பின் முதலாம் வேர் வரை உள்ள ஐந்து வேர்கள் சேர்ந்து அமையும் புய நரம்புப் பின்னல், கழுத்திலிருந்து காறை எலும்பின் கீழாக அக்குளுக்கு இறங்கி, அங்கிருந்து ரேடியல், மீடியன், அல்னார் முதலிய நரம்புகளாகப் பிரிகிறது. புற்றுநோய்ப் பதிவேடுகள் பயன்படுத்தும் புற்றுநோயியல் வகைப்பாட்டில் இந்தப் பின்னலும் இந்த நரம்புகளும் பெயர் சொல்லியே சி 47.1இன் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் ‘அக்குள்’ என்று மட்டும் எழுதப்பட்ட நரம்புக் கட்டி மார்புப் பகுதிக்குரிய சி 47.3க்குப் போகும். சத்திரசிகிச்சையின்போது எந்த நரம்பிலிருந்து கட்டி எழுந்தது என்பதை வைத்தியர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த நரம்பின் பெயரை இறுதி நோயறிதலிலும் ஒரு சொல்லாகச் சேர்த்துவிடும்படி எங்கள் விடுதிகளிலுள்ள இளம் வைத்தியர்களை நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன்.

புற்றுநோய் அங்கேயே தோன்றியதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்பது இதைவிட முக்கியமானது. உண்மையில் புய நரம்புப் பின்னலைத் தாக்கும் புற்றுநோய்களில் பல, நரம்பில் பிறந்தவை அல்ல. நுரையீரலின் உச்சியில் எழும் பான்கோஸ்ட் கட்டி பின்னலின் கீழ்ப்பகுதியை அழுத்தி, தோள்வலியோடும் சுண்டுவிரல் பக்க மரத்தலோடும் வரும்; புகைப்பழக்கமுள்ள ஒருவர் இருமலே இல்லாமல் தோள்வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு காலம் கடத்துவதற்கு இது இடம் கொடுத்துவிடுகிறது. இதற்குரிய குறியீடு சி 34.1; பின்னல் அழுத்தப்பட்டிருப்பதைக் காட்ட ஜி 55.0 உடன் சேர்க்கப்படும். மார்பகப் புற்றுநோய் பரவியிருந்தால் முதன்மை நோய்க்குரிய சி 50 பிரிவோடு, இரண்டாம் நிலைப் பரவலுக்குரிய சி 79 பிரிவிலிருந்தும் குறியீடு வரவேண்டும். இன்னொரு நிலையும் உண்டு: மார்பகத்துக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்ற பெண்ணுக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு கை மரத்துத் தளர்ந்தால், அது நோய் மீண்டதாக இல்லாமல் கதிர்வீச்சினால் நரம்பு பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் கைக்குப் புற்றுநோய்க் குறியீடே இடக்கூடாது. ‘தோள் நரம்புப் புற்றுநோய்’ என்ற ஒரே வரி இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

சந்தேகக் குறியைப் பற்றியும் சொல்லவேண்டும். விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் இறுதி நோயறிதல் ‘சந்தேகத்துக்குரியது’ என்றே நின்று, வேறு தகவல் எதுவும் இல்லையென்றால், அதை உறுதியானதைப் போலவே குறியீடாக்கவேண்டும் என்பது ஐ.சி.டி.-10இன் விதி. எனவே கேள்விக்குறியோடு எழுதப்பட்ட சார்கோமா, பயொப்சியில் (திசுப் பரிசோதனையில்) ஸ்வானோமா எனும் தீங்கற்ற நரம்பு உறைக் கட்டி என்று தெரியவந்த பிறகும் கணக்கில் புற்றுநோயாகவே நிற்கிறது. தீங்கற்ற நரம்புக் கட்டிக்குரியது டி 36.1. தன்மை நிச்சயமற்றதென்று நோயியல் நிபுணர் எழுதினால் டி 48.2. இவற்றுக்கும் சி 47.1க்கும் இடையிலுள்ள தூரம் நோயியல் அறிக்கையின் ஒரே வரியில் தங்கியிருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேட்டின் திசுக் குறியீட்டிலும் இப்படித்தான்: 9540 என்ற எண்ணுக்குப் பின் 3 வந்தால் தீங்கான புற நரம்பு உறைக் கட்டி, சுழியம் வந்தால் நியூரோபைப்ரோமா எனும் தீங்கற்ற நரம்புக் கட்டி.

இந்த நியூரோபைப்ரோமாக் கட்டிகள் உடலெங்கும் உள்ளவர்களை ஊரில் பலர் பார்த்திருப்பீர்கள். தோலில் பால்கோப்பி நிறத் திட்டுகளோடும் மென்மையான சிறு முடிச்சுகளோடும் வரும் நியூரோபைப்ரோமட்டோசிஸ் வகை 1, ஏறத்தாழ 3000 பேரில் ஒருவருக்குக் காணப்படும் மரபணு நிலை. தொற்று அல்ல, சாபமும் அல்ல. அதற்கான குறியீடு கியூ 85.0. நரம்பு உறைப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி இவர்களிடம் தோன்றுகின்றன. இவர்களுக்கு வாழ்நாளில் அந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து 8 முதல் 13 சதவீதம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. பழைய முடிச்சுகளில் ஒன்று மட்டும் வேகமாகப் பெருத்தாலோ, இறுகினாலோ, ஓயாமல் வலித்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இப்படிப்பட்டவருக்குப் புற்றுநோய் ஏற்படும்போது கியூ 85.0, சி 47.1 இரண்டும் பதியப்பட வேண்டும் என்பதைப் பதிவேட்டுத் தோழர்களும் கவனிக்கவேண்டும்.

வன்னிக்கேயுரிய சிக்கல், நோயாளி பயணிக்கும் பாதையில் இருக்கிறது. முதலில் பிரதேச வைத்தியசாலை, பிறகு மாவட்டப் பொது வைத்தியசாலை, அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை வைத்தியசாலை அல்லது கொழும்பையடுத்த மகரகம வைத்தியசாலை. பயொப்சி அறிக்கை வருவதற்குள் எங்கள் பி.எச்.ரி. ஆர் 22.3 என்று மூடப்பட்டுவிடும். அந்த அறிக்கை ஏ9 வீதி வழியே திரும்பி எங்களிடம் வருவதில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் அந்த வீட்டு முகவரியையே கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது புதுக்குடியிருப்பின் நோயாளி இன்னொரு மாவட்டத்தின் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார்.

ஆகவே நிரந்தர முகவரியையே எங்கும் கொடுங்கள். பயொப்சி அறிக்கையின் பிரதிகளை எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொண்டு, மற்றதை முதலில் அனுமதிக்கப்பட்ட வைத்தியசாலையின் வைத்தியரிடம் கொடுத்தால், அவர் நோயறிதலைத் திருத்தி எழுதலாம். அதன்பின் குறியீட்டை நாங்கள் மாற்றலாம். உடலில் செல் துண்டு உள்ளவர்கள், நரம்புக் கட்டிகளைப் பார்க்க மிகவும் உதவும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குத் திகதி பெறும்போதே அதைச் சொல்லி, பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டுசெல்ல வேண்டும். குறிப்பாகக் கண்ணருகே துண்டு இருந்தால் அது பார்வைக்கே ஆபத்தாகலாம்.

குறியீட்டுப் பணியை இணையத்தில் கற்கும் நம் இளையோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அங்கே காணும் சி 47.11, சி 47.12 ஆகியவை வலது, இடது கைகளைப் பிரித்துக் காட்ட அமெரிக்கா தனக்காக விரித்துக்கொண்டவை. நாங்கள் பயன்படுத்தும் பதிப்பு சி 47.1 உடன் நின்றுவிடுகிறது; எந்தக் கை என்பதைக் குறியீடு சொல்லாது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11இல் பக்கத்தைத் தனி நீட்சிக் குறியீடாக இணைக்க வழியிருக்கிறது. அது நம் மேசைக்கு வரும்வரை, வலதா இடதா என்பதை வைத்தியர் அட்டையில் முழுச் சொல்லாக எழுதவேண்டும், நாங்களும் அதைப் பதிவில் அப்படியே பெயர்த்து வைக்கவேண்டும்.