டிஜிட்டல் சாவரின்டி: இறையாண்மையா, தற்சார்பா, சுதேசியா?

கொஞ்ச வருஷமா டெக் நியூஸ், அரசாங்க அறிவிப்புன்னு எதைத் தொறந்தாலும் டிஜிட்டல் சாவரின்டிங்கற வார்த்தை வந்து நிக்குது. தமிழ்ல எழுதுறவங்கள்ல ஒருத்தர் எண்ணிம இறையாண்மைங்கறார், இன்னொருத்தர் தொழில்நுட்பத் தற்சார்புங்கறார், மூணாவது ஆள் எதுக்கு வம்புன்னு சுதேசி டெக்னு போட்டுட்டுப் போயிடறார். மூணும் ஒண்ணு இல்லங்க. அதுவும் ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது யார் வேணா கோடைப் படிச்சு மாத்திப் பகிரக்கூடிய சாஃப்ட்வேருக்கு, அரசாங்கம் எதுக்கு ஆதரவு கொடுக்கணும்னு பேச்சு வரும்போது, எந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறோமோ அதுக்கேத்த மாதிரி செலவாகிற காசும் வேற பக்கம் போயிடும்.

சாவரின் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல், பின்னாடி போனா லத்தீன்ல 'மேலே'ன்னு அர்த்தம் தர்ற சூப்பர்ல போய் நிக்கும். தனக்கு மேல ஆள் இல்லாதவன், அவ்வளவுதான். ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு ஜி இருக்கே, அது ஆட்சிங்கற பொருள்ல வர்ற ரெய்ன்கூட சேர்த்துப் பார்த்து பின்னாடி சொருகினது, வேர்ல கிடையாது. நம்ம இறையாண்மையும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வருது. இறைன்னா கடவுள் மட்டும் இல்ல, அரசனும்தான், குறள்ல இறைமாட்சி அதிகாரம் அரசனைப் பத்தினது. ஆண்மையைப் பார்த்துட்டு ஆம்பளத்தனம்னு நினைச்சிடாதீங்க, அது ஆள் கூட மை சேர்ந்து வந்தது, ஆளுற தன்மை.

ஆக இறையாண்மைங்கறது சட்ட வார்த்தை. யார் கட்டளை செல்லும்ங்கற கேள்விக்குப் பதில். 2018ல அமெரிக்கா கிளவுட் ஆக்ட்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு, அதன்படி அமெரிக்க கம்பெனி கையில இருக்கற டேட்டா எந்த நாட்டு சர்வர்ல கிடந்தாலும் முறைப்படி ஆர்டர் வாங்கிட்டு வந்து அங்கத்த அதிகாரிங்க கேக்கலாம். சர்வர் உங்க ஊர்ல இருக்கு, ஆனா கட்டளை வேற இடத்துலேருந்து வருது. ஐரோப்பாக்காரங்க சாவரின்டி சாவரின்டின்னு கத்துறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

தற்சார்பு வேற. தன் கூட சார்பு சேர்ந்தா தற்சார்பு, தற்காப்பு, தற்கொலைல நடக்கற அதே புணர்ச்சி. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், சார்பே இல்லன்னு இந்த வார்த்தை சொல்லல, சாய்ஞ்சா உன் மேலயே சாய்ஞ்சுக்கோன்னு சொல்லுது. சாஃப்ட்வேர்ல சார்பு இல்லாம எதுவும் ஓடாது, ஒரு சின்ன புரோகிராம் எழுதினாலும் அதுக்கு அடியில யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோடு, அதாவது லைப்ரரி, நூறு இருக்கும், அதனால இன்டிபென்டன்ஸை அப்படியே சுதந்திரம்னு போடறதைவிட தற்சார்பு நேர்மையான சொல். தேவைப்பட்டா நானே தொறந்து பார்ப்பேன், ரிப்பேர் பண்ணுவேன், பிடிக்கலேன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துப் பண்ணிப்பேன். சட்டம் போட்டு இதை வாங்க முடியாது, சோர்ஸ் கோடும் அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் கையில இருக்கணும்.

2025 ஜூலைல நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பாருங்க. இந்தியாவுல ரிஃபைனரி நடத்துற கம்பெனி, ரஷ்யாவோட ரோஸ்நெஃப்டுக்கு அதுல பங்கு இருக்குன்னு ஐரோப்பிய யூனியன் தடை போட்டுச்சு, உடனே மைக்ரோசாஃப்ட் அவங்க சர்வீஸை நிறுத்திடுச்சு. நயாரா டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, அதுக்கப்புறம் சர்வீஸ் திரும்ப வந்துச்சு. இந்தியாவோட இறையாண்மைக்கு ஒரு குறையும் இல்ல, கோர்ட் இருக்கு, சட்டம் இருக்கு. இல்லாம போனது தற்சார்பு.

இங்கதான் சுதேசி உள்ள வருது. ஸ்வ, தேசம்னு ரெண்டு சமஸ்கிருதச் சொல், சொந்த நாட்டோடதுன்னு பொருள். பொருள் எங்க உண்டாச்சுன்னுதான் அது கேக்கும், எப்படி உண்டாச்சு, தொறந்து பார்க்கலாமான்னு கேக்காது. 2025ல இந்திய கல்வி அமைச்சகம் ஆபீஸ் வேலைக்கு ஜோஹோவைப் பயன்படுத்தச் சொன்னப்போ நிறைய பேர் இதை ஓப்பன் சோர்ஸ் வெற்றி மாதிரி கொண்டாடினாங்க. ஜோஹோ ஆபீஸ் சூட் இந்தியக் கம்பெனியோடது, நல்லாவும் வேலை செய்யுது, ஆனா அது சோர்ஸ் கோடை வெளிய காட்டாத மூடின சாஃப்ட்வேர். வீட்டு ஓனர் நம்ம ஊர்க்காரரா இருந்தாலும் வாடகை வாடகைதான்.

சரி, ஓப்பன் சோர்ஸுக்கு வருவோம். 1983ல ரிச்சர்ட் ஸ்டால்மன்ங்கற அமெரிக்க புரோகிராமர் குனூங்கற சாஃப்ட்வேர் திட்டத்தை அறிவிச்சு ஃப்ரீ சாஃப்ட்வேர்னு பேசினார், ஓட்டலாம், படிச்சு மாத்தலாம், பகிரலாம், மாத்தினதையும் பகிரலாம்ங்கற நாலு உரிமை. ஃப்ரீன்னா ஓசின்னு ஜனங்க புரிஞ்சுக்கிட்டதால, 1998 பிப்ரவரில பிரவுசர் கம்பெனியான நெட்ஸ்கேப் தன் கோடை வெளியிடப்போகுதுன்னு அறிவிச்ச சமயத்துல நடந்த ஒரு கூட்டத்துல கிறிஸ்டின் பீட்டர்சன் ஓப்பன் சோர்ஸ்னு பேர் சொன்னாங்க, அது பிடிச்சுக்கிச்சு. தமிழுக்கு இந்த ஃப்ரீ குழப்பமே கிடையாது, இலவசம் தனி, கட்டற்ற தனி. கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம்னு விக்கிப்பீடியா வழியாவும் நல்லாப் பழகிடுச்சு. ஓப்பன் சோர்ஸுக்கு திறமூலம், திறவூற்றுன்னு ரெண்டு ஓடுது. சோர்ஸ்ங்கற சொல்லே லத்தீன்ல 'எழும்பு'ங்கற வினைலேருந்து வந்து பிரெஞ்சுல நீரூற்றுன்னு ஆனது, அந்தக் கணக்குல திறவூற்று அழகா பொருந்துது. புழக்கத்துல ஜெயிச்சது என்னவோ திறமூலம்தான்.

இவ்வளவு நல்ல சொல் இருந்தும் அரசு ஆபீஸ்ல இது இலவசம்னுதான் புரிஞ்சுக்கப்படுது, லைசென்ஸுக்குக் காசு இல்லையேன்னு பட்ஜெட்ல பூஜ்யம் போட்டுடறாங்க. 2014ல ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிய வந்தப்போதான் எக்கச்சக்கமான வெப்சைட் நம்பியிருந்த, தகவலைப் பூட்டி ரகசியமா அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல்லை விரல் விட்டு எண்ற ஆளுங்க பார்த்துக்கிட்டிருந்தது பலருக்குத் தெரிஞ்சது.

அரசு ஆதரவுன்னா பொதுவா மூணு விதம். கொள்முதல் விதி ஒண்ணு, இந்திய அரசோட 2015 கொள்கை டெண்டர்ல ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமைன்னும் அதை விட்டா காரணம் சொல்லணும்னும் சொல்லுது, பேப்பர்ல நல்லா இருக்கு. ரெண்டாவது தானே மாறுறது, மியூனிக் நகராட்சி 2003ல முடிவெடுத்து 2013க்குள்ள சுமார் 15,000 கம்ப்யூட்டரை விண்டோஸ்லேருந்து ஓப்பன் சோர்ஸான லினக்ஸுக்கு மாத்திச்சு, நடுவுல மேயர் மாறினார், 2017ல விண்டோஸுக்கே திரும்பலாம்னு ஓட்டு போட்டாங்க. அதே ஜெர்மனில ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024ல சுமார் 30,000 கம்ப்யூட்டரை ஓப்பன் சோர்ஸ் ஆபீஸ் சூட்டான லிப்ரஆபீஸுக்குக் கொண்டுபோறதா அறிவிச்சுது. மூணாவதைத்தான் நான் பெருசா நினைக்கறேன், உண்டாக்கறவங்களுக்கே காசு கொடுக்கறது. 2022ல ஜெர்மனி ஆரம்பிச்ச சாவரின் டெக் ஃபண்ட் நெட்ல டேட்டா அனுப்பி வாங்கற கர்ல் மாதிரி கிட்டத்தட்ட எல்லா மெஷின்லயும் ஓடுற கருவிக்குக் காசும், லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமுக்கு 10 லட்சம் யூரோவும் கொடுத்துச்சு. அந்த கோடு ஜெர்மனிக்கு மட்டும் சொந்தம் கிடையாது, யார் வேணா எடுத்துக்கலாம். பேர்ல சாவரின் இருக்கு, ஆனா செய்யற வேலை தற்சார்பு.

அதனால சட்டம், டேட்டா, எந்த நாட்டு கோர்ட்டுன்னு எழுதும்போது எண்ணிம இறையாண்மைன்னே போடுங்க, எண்ணிமம் கடினமா இருந்தா டிஜிட்டல் இறையாண்மைன்னாலும் தப்பில்ல. சாஃப்ட்வேர், ஆளு, திறமை, பராமரிப்புன்னு பேசும்போது தொழில்நுட்பத் தற்சார்பு. சுதேசியை கம்பெனி எந்த ஊர்னு சொல்ல மட்டும் வெச்சுக்கோங்க.