கம்பளி மீளும், பருத்தி தொங்கும்: பின்னல் நூலின் இழைக்குள் நடப்பது என்ன?

கம்பளி நூலில் கச்சிதமாக அமைந்த ஸ்வெட்டரை அதே கண்ணிக் (பின்னல் வளையம்) கணக்கில் பருத்தி நூலில் பின்னினால், சில முறை உடுத்தியதும் கீழ்விளிம்பு தொங்கத் தொடங்கும். பின்னிய கையில் குறையில்லை. இழையின் குணம் அது.

கம்பளி, கெரட்டின் என்ற புரதம். அதன் மூலக்கூறுகள் சுருள் சுருளாக இருக்கின்றன. இழையும் நெளிநெளியாகவே வளர்கிறது. இழுத்தால் நெளிவு நிமிரும், விட்டால் திரும்பும். பருத்தியோ செல்லுலோஸ்: நேரான, நெருங்கிய சங்கிலிகள். ஏறத்தாழ 7 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். கண்ணிகள் ஒருமுறை நீளவாக்கில் உருமாறிவிட்டால், அவற்றை மீட்கும் வலு அதற்கு இல்லை. போதாக்குறைக்குக் கம்பளியைவிட எடையும் கூடுதல்.

ஆகவே பருத்திக்கு அரை மில்லிமீட்டர் சிறிய ஊசி நல்லது. தோளிலும் பக்கவாட்டிலும் தையல் வைத்தால் அது எடையைத் தாங்கும். அதற்கும் முன்னால், 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஆடையைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துவைத்து, கீழ்விளிம்பில் கிளிப்புகள் மாட்டி ஓரிரவு தொங்கவிடுங்கள். பிறகு நடுவிலுள்ள 10 செ.மீ.யில் மட்டும் எண்ணுங்கள். ஓரக் கண்ணிகள் ஏமாற்றும். துவைக்கும் முன் 22 கண்ணி, பின் 20 என்றால், 100 செ.மீ. மார்பளவு 110 ஆகிவிடும். இந்தத் துண்டைத் தவிர்ப்பவர்கள்தான் முழு ஆடையையும் பிரிக்க நேர்கிறது.

கம்பளிக்கு வேறு ஆபத்து. அதன் மேற்பரப்பில் ஓட்டுக்கூரை போலச் செதில்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஈரத்தில் அலசும்போது இழைகள் ஒரு பக்கமாக மட்டுமே நகர்கின்றன. பின்வாங்கச் செதில்கள் விடுவதில்லை. வெந்நீரும் காரச் சோப்பும் சேர்ந்தால் துணி கெட்டிப்பட்டுச் சுருங்கும். அதை மீட்க வழியே இல்லை. 30 டிகிரிக்கு உட்பட்ட நீர், கசக்காத கை, புரதத்தைச் செரிக்கும் நொதி கலக்காத சோப்பு போதும்.

இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கப்படும் ‘சூப்பர்வாஷ்’ கம்பளி சுருங்காததற்குக் காரணம், பெரும்பாலும் குளோரினால் செதில்களை அரித்து, மேலே மெல்லிய செயற்கைப் பிசின் பூசுவதுதான். கழிவுநீரில் குளோரின் சேர்மங்கள் கலக்கின்றன. செதில்களின் பிடிமானம் போவதால் ஆடையும் எளிதில் நீள்கிறது. சூழலுக்காகக் கம்பளியைத் தேர்ந்தெடுப்பவர் லேபிளில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

‘மூங்கில்’ நூலும் அப்படியே. அது பெரும்பாலும் விஸ்கோஸ்: மூங்கில் கூழை எரிசோடாவிலும் நச்சுத்தன்மையுள்ள கார்பன் டைசல்பைடிலும் கரைத்து இழையாக்குகிறார்கள். கரைப்பானை மீட்டுப் பயன்படுத்தும் லயோசெல் முறை எவ்வளவோ மேல். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். பருத்தியோ நனைந்தால் இன்னும் உறுதியாகும். எனவே மூங்கில் ஆடையை ஈரத்தோடு தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் கை கொடுத்து எடுத்து, துவாலையில் சுருட்டி அழுத்தி, சமதளத்தில் பரப்பிக் காயவையுங்கள்.