தாலி கட்டும் கணம் மட்டும் ஏன் மங்குகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி: "மகளின் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். ஓடும்போது தெளிவு, போட்டோவாக எடுத்தால் மங்கல். ஏன்?"

வீடியோ என்பது செக்கனுக்கு 25 படங்கள் (பிரேம்கள்) என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த 25உம் அல்பத்தில் ஒட்டிய போட்டோக்கள் போலக் கோப்புக்குள் இருப்பதில்லை. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை அப்படியே வைத்தால் ஏறத்தாழ 6.2 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 560 கிகாபைட். உங்கள் கையிலுள்ள கோப்போ 3, 4 கிகாபைட்தான் இருக்கும்.

முழுப்படம் சில செக்கன்களுக்கு ஒருமுறைதான் பதியப்படுகிறது. அதுதான் கீ பிரேம். நடுவில் வருபவை பெரும்பாலும் குறிப்புகள்: "முந்திய பிரேமில் இங்கிருந்த 16க்கு 16 துண்டை மூன்றேகால் புள்ளி வலப்பக்கம் நகர்த்து, மிச்ச வித்தியாசம் இவ்வளவு." மணவறை அசைவதில்லை, அதற்கு "அப்படியே விடு" போதும். இன்னொரு வகைப் பிரேம் முன்னும் பின்னும் பார்க்கும். மாப்பிள்ளையின் கை மாலையை மறைத்துவிட்டு விலகுகிறது என்று வையுங்கள். மறைந்திருந்த பூ முந்திய பிரேமில் இல்லை, அடுத்து வரும் பிரேமில் இருக்கிறது. ஆகவே பிறகு காட்ட வேண்டிய பிரேமை முதலில் விரித்து, அதிலிருந்து பூவைக் கடன் வாங்கி இதை நிரப்புகிறார்கள். கோப்பில் இருக்கும் வரிசை வேறு, நாம் பார்க்கும் வரிசை வேறு. எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத ஏற்பாடு இது.

அந்த "மிச்ச வித்தியாசத்தை"ச் சுருக்கும் கணிதத்தின் மூலம், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1974இல் இருவருடன் வெளியிட்ட கொசைன் உருமாற்றம். 1972இல் அதற்கு அமெரிக்க அறிவியல் நிதியத்திடம் கேட்ட பணம் கிடைக்கவில்லை. யோசனை "மிக எளிது" என்று ஒரு மதிப்பீட்டாளர் சொன்னாராம். எளிமையைக் குறையாகப் பார்த்து ஆய்வுக்குப் பணம் மறுப்பது எவ்வளவு பெரிய தவறு!

இனித் தாலிக்கு வருவோம். கெட்டிமேளம் முழங்கியதும் பூவும் அட்சதையும் பறக்கின்றன, பிளாஷ்கள் மின்னுகின்றன. பறக்கும் அரிசிக்கு முந்திய பிரேமில் துணையில்லை. ஒரு பிளாஷ் முழுப்படத்தின் வெளிச்சத்தையே மாற்றிவிடுகிறது. முந்திய பிரேமை வைத்துச் செய்த கணிப்புகள் எல்லாம் பொய்த்துப்போக, ஒதுக்கிய பைட்டுகள் போதாமல் முகம் கட்டம் கட்டமாகக் கரைகிறது. ஓடும்போது கண் பல பிரேம்களைச் சேர்த்துப் பார்ப்பதால் தெரிவதில்லை.

ஆகவே பக்கத்துப் பிரேம்களைத் தேடுங்கள். கணினியில் வீடியோ பார்க்கும் விஎல்சி செயலியில், அந்தக் கணத்துக்கு இரண்டு செக்கன் முன்னால் நிறுத்தி, ஆங்கில 'ஈ' விசையால் ஒவ்வொரு பிரேமாக நகருங்கள். முடிச்சுப் போட்டுக் கை ஒரு கணம் நிற்குமே, அந்த இடம்தான் வேண்டும். ஷிப்ட் விசையோடு 'எஸ்' அழுத்தினால் பிஎன்ஜி படமாகச் சேமிக்கும். திரையைப் படம்பிடிக்க வேண்டாம், திரையின் அளவுதான் கிடைக்கும். விஎல்சி 3ஆம் பதிப்பில் பிரேம் பிரேமாகப் பின்னால் போக முடியாது. முந்திய பிரேமைக் காட்ட, அதற்கும் முன்னாலுள்ள கீ பிரேமுக்கு ஓடி அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி விரிக்க வேண்டுமே! எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் பழகியவர்கள் 4 செக்கனை 100 படங்களாக இறக்கி, கண் திறந்திருப்பதைப் பொறுக்கலாம்.

கையே இழுபட்டுத் தெரிந்தால் அது சுருக்கத்தின் குற்றமல்ல. கமெரா ஐம்பதில் ஒரு செக்கன் திறந்திருந்தபோது கை நகர்ந்திருக்கிறது. கூறைச் சேலையின் சிவப்பு ஓரத்தைத் தாண்டிக் கசிவதும் வழமைதான், நிறம் நான்கு புள்ளிக்கு ஒரு முறைதான் பதியப்படுகிறது.

பழைய டிவிடி என்றால் சீப்புப் பல் போன்ற கோடுகள் வரும். ஐம்பதில் ஒரு செக்கன் இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப்படங்கள் பின்னிக் கிடக்கின்றன. 'டீஇன்டர்லேஸ்' போட்டால் பிரியும். 720க்கு 576இல் சேமித்த படத்தில் ஆட்கள் மெலிந்து தெரிந்தால், பழைய சதுரத் திரை வீடியோவுக்கு அகலத்தை 768 ஆக்குங்கள்.

முகத்தைக் கூர்மையாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நான் ஏற்கமாட்டேன். கோப்பில் இல்லாத கண்ணிமையை அவை வேறு முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. மறைந்துபோன அம்மம்மாவுக்கு யாருடையதோ கண்!

இதைவிட நல்ல வழி இருக்கிறது. எடிட் செய்யாத கமெராக் கோப்பு அநேகமாக உங்கள் கோப்பைவிடக் குறைவாகச் சுருக்கப்பட்டிருக்கும். வீடியோ எடுத்தவர் அழிப்பதற்கு முன், பென் டிரைவோடு போய்க் கேளுங்கள்.